அத்தை சொல்வதும் பெரியப்பா சொல்வதும்

அன்புள்ள ஐயா,

கோலார் தங்கவயலில் ஒரு லைன் வீட்டில், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது பெங்களூரில் வேலை, காலை ரயிலில் போய் ராத்திரி திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லைனில் இருக்கும் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து வருகிறேன். பெரிய திட்டம் எதுவும் கிடையாது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்களே என்ற பதற்றம்தான்.

சில விஷயங்களில் தடுமாற்றமாக இருக்கிறது. எல்லோரும் "அது தங்கமான காலம்மா" என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் சுரங்கம் ஒரு உயிரையாவது வாங்காத வீடு எங்கள் லைனில் இல்லை. என் பெரியப்பாவால் நாலு வார்த்தைக்கு மேல் இருமாமல் பேச முடியாது. அவரும் அதையேதான் சொல்கிறார். இது வெள்ளைக்காரன் காலத்து ஏக்கம், இதையெல்லாம் வெளியே போடாதே என்று என் தோழி ஒருத்தி சொல்கிறாள்.

என் தாத்தா ஏர் பிளாஸ்ட்டில் இறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தபோதே போய்விட்டார் என்கிறார் அத்தை. இல்லை, சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகுதான் என்கிறார் பெரியப்பா. இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். நான் யார் சொல்வதை எழுதுவது?

என் அப்பா மூடும் நாள்வரை வேலை பார்த்தவர். அவர் வாயே திறப்பதில்லை. "அதைக் கேட்டு என்ன பண்ணப்போற?" என்பதோடு சரி. இப்படிப்பட்ட பேச்சுகளைத் தொகுத்தால் அது வரலாறு ஆகுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் பெயரையும் லைனின் பெயரையும் எடுத்துவிட்டுக் கடிதத்தை வெளியிடுகிறேன். உங்களிடம் பேசியவர்கள் உங்களை நம்பித்தான் பேசினார்கள், என்னை நம்பி அல்ல.

முதலில் உங்கள் தோழி சொன்னது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் "தங்கமான காலம்" என்று சொல்வதை மயக்கம் என்று தள்ளிவிட்டால், நீங்கள் செய்யும் வேலையின் உயிரான பகுதி போய்விடும். அவர்கள் எதை அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ள, எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

1880இல் ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி தங்கவயலில் வேலை தொடங்கியதும், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தலித்துகள். பண்ணை வேலையையும் தீராத கடனையும் சேரியையும் விட்டுவிட்டு வந்தவர்கள். வந்த இடம் சொர்க்கம் இல்லை. மூங்கில் தட்டி வீடு, கூலியில் கைவைக்கும் இடைத்தரகர்கள், ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் உடம்பைத் தடவிச் சோதனை. ஆனாலும் செய்த வேலைக்குக் கையில் காசு வந்தது. தெருவில் செருப்பு போட்டு நடந்தால் கேட்க எந்த மிராசுதாரும் அங்கே இல்லை. ஊரில் கிடைக்காத இந்த இரண்டும் அங்கே கிடைத்தன. உங்கள் பெரியப்பாவின் பாட்டனார் காலத்துக் கதை இது. வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு அவரிடம் வந்து சேர்ந்திருக்கும். அவர் இருமிக்கொண்டே சொல்லும் "தங்கமான காலம்" இதையெல்லாம் சேர்த்துத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். வெள்ளைக்காரத் துரையின் நினைப்பு அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், குளிர்ந்த காற்று என்று "லிட்டில் இங்கிலாந்து" கதை ஒன்று உண்டே, அதைப் பலர் எழுதிவிட்டார்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, பெங்களூருக்கு அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது என்பதையும் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்துக்காக. எந்த லைனில் எந்த வருஷம் முதல் பல்பு எரிந்தது என்று உங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள். அதுதான் உங்கள் தொகுப்பில் இருக்க வேண்டும்.

அதே மக்கள் அங்கே தங்களுக்கென்று கட்டிக்கொண்டவையும் அதில் வர வேண்டும். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பிறகு தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. அவருடைய எழுத்துகளைப் புத்தகமாகப் போட்டு நமக்குக் கிடைக்கச் செய்தது தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பூமிக்கடியில் எட்டு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு மேலே வந்த மனிதர்களின் ஊர், ஒரு பதிப்பகத்தையும் நடத்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் இன்றைக்கும் பலருக்கு இது தெரியாது. உங்கள் லைனில் அந்தப் புத்தகங்களைப் படித்தவர்கள், படிக்கக் கேட்டவர்கள் யாராவது இருக்கலாம். இல்லையென்றால் அவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். உடனே போய்க் கேளுங்கள். மற்றதெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

பணிந்துபோன கூட்டமும் இல்லை அது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது வேலைநிறுத்தம் செய்து எதிர்த்திருக்கிறார்கள். கைரேகை கேட்பது குற்றவாளியிடம் கேட்பதுபோல என்ற ரோஷம் அதில் இருந்தது. இந்த ரோஷத்தையும் "தங்கமான காலம்" என்பதையும் ஒரே வாய் சொல்லும். இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இருமலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தங்கவயலில் 1940 முதல் 1946 வரை நடந்த மருத்துவப் பரிசோதனையில் 7,653 பேரைப் பார்த்ததில் 3,402 பேருக்கு சிலிகோசிஸ் இருந்தது. கல்தூசி நுரையீரலில் படிந்து அதை இறுக்கிவிடும் நோய். நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இந்த நோய் பற்றிப் பேசும் மருத்துவக் கட்டுரைகளில் இந்த எண் இன்றும் வருகிறது. அந்த 3,402 பேரில் ஒருவராவது ராத்திரி எப்படித் தூங்கினார், படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தாரா, பக்கத்தில் விழித்திருந்தவர் யார், காசநோய் என்று சொல்லித் தனித் தட்டு வைத்தார்களா, இதெல்லாம் எந்தக் கட்டுரையிலும் இல்லை. உங்கள் லைனில் இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: பதிவைச் சுத்தம் செய்கிறேன் என்று பெரியப்பாவின் இருமலை வெட்டிவிடாதீர்கள். எழுத்தில் கொண்டுவரும்போதும் எங்கே நிறுத்தினார், எங்கே மூச்சு வாங்கினார் என்று குறித்துவையுங்கள்.

சரி, தாத்தாவின் சாவுக்கு வருகிறேன்.

ஏர் பிளாஸ்ட் என்பதைத் தங்கவயலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக இங்கே சொல்லிவிடுகிறேன். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறைமேல் இருக்கும் அழுத்தம் நாம் கற்பனை செய்ய முடியாத அளவு. தாதுவை வெட்டி எடுக்க எடுக்க, மிச்சமிருக்கும் பாறை அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஒரு கட்டத்தில் தாங்காமல் வெடிக்கும். மருந்து வைத்து உடைப்பது வேறு, இது பாறை தானாகவே வெடிப்பது. மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், சுவர் விரியும். கீழே யார் ஷிஃப்ட்டில் இருக்கிறார்கள் என்று எல்லா வீட்டிலும் தெரியும் என்பதால், அதிர்ச்சி வந்த உடனே பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள்.

தங்கவயலை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது 1956 கடைசியில். உங்கள் அத்தையும் பெரியப்பாவும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள்.

இதுபோல ஒரு சாவின் தேதி இடம் மாறிய கதை ஒன்று உண்டு. இத்தாலியில் டெர்னி என்று ஓர் எஃகு ஆலை நகரம். 1949 மார்ச்சில், நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூய்ஜி த்ரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீஸ் கையால் செத்தார். அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி என்ற ஆய்வாளர் பல வருஷம் கழித்து அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் பேசப் போனபோது, பலர் அந்தச் சாவு 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள். 1953 என்பது ஆலையில் ஆயிரக்கணக்கானவர்களை வேலையைவிட்டு அனுப்பி, தெருவில் பெரிய மோதல் நடந்த வருஷம். போர்டெல்லி அவர்களை ஞாபகமறதிக்காரர்கள் என்று ஒதுக்கவில்லை. ஒரு வெளிநாட்டு ஒப்பந்தத்துக்காகத் தங்கள் தோழன் செத்தான் என்பதைவிட, தங்கள் வேலைக்கான போராட்டத்தில் செத்தான் என்பதுதான் அந்த ஊருக்குப் பொருளுள்ளதாக இருந்தது, அதனால் நினைவு அந்தச் சாவை அங்கே கொண்டுபோய் வைத்தது என்று எழுதினார். தேதி தவறு. ஆனால் அந்தத் தவறின் வழியாகத்தான் அந்த ஊரின் மனசில் இருந்தது அவருக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருக்கு வெறும் ஞாபகப் பிசகாகக்கூட இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். வருஷத்தை விட்டுவிடுங்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்தது யார்? உடலை எப்போது கொடுத்தார்கள்? பணம் வந்ததா, எவ்வளவு, யார் கையெழுத்து போட்டார்கள்? அதற்கப்புறம் சோறு எப்படி வந்தது, முதலில் வேலைக்குப் போனது யார்? கம்பெனி கைவிட்டது என்பது அத்தையின் மனசில் இருக்கலாம். நம்ம சர்க்கார் வந்தும் இப்படி ஆகிவிட்டதே என்பது பெரியப்பாவுடைய ஆதங்கமாக இருக்கலாம். அவரே பின்னாளில் அந்த அரசுச் சுரங்கத்தில்தானே இறங்கியிருப்பார்? அவர் நினைவில் அப்பாவின் சாவும் அந்த அரசுச் சுரங்கமும் ஒட்டிக்கொண்டிருக்க இடம் உண்டு.

அதோடு இறப்புப் பதிவேட்டையும் போய்ப் பாருங்கள். நகராட்சியில் இருக்கலாம், கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோவில் அடக்கப் பதிவேட்டில் இருக்கும். தேதி கிடைத்தால் அதையும் எழுதுங்கள். அத்தை சொன்னது, பெரியப்பா சொன்னது, பதிவேடு சொல்வது, மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். பதிவேடு ஒருவர் பக்கம் சாய்ந்தால் மற்றவரைத் திருத்த வேண்டாம். எழுபது வருஷமாகச் சொல்லி வந்ததை ஒரு தாளைக் காட்டி வாயடைக்க நமக்கு உரிமை இல்லை.

அத்தையிடம் அவர் அப்பாவைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவீர்களோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. சுரங்க ஊர் என்றாலே எல்லோரும் ஆண்களிடம் போகிறார்கள், பெண்களிடம் ஆண்களைப் பற்றிக் கேட்கிறார்கள். 1952ஆம் வருஷச் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. ஆனால் மூன்று ஷிஃப்ட் ஓடிய ஊரில் அடுப்பும் மூன்று ஷிஃப்ட் எரிந்தது. வீட்டில் அப்பா ஒரு ஷிஃப்ட், அண்ணன் ஒரு ஷிஃப்ட் என்றால் அம்மா எப்போது படுத்தாள்? ஒரே அறையில் பகலில் தூங்குபவரை எழுப்பாமல் ஐந்து பிள்ளைகளை எப்படி வைத்திருந்தாள்? தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவுமண்ணான சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் காய்ந்த துணியிலும் ஊறவைத்த அரிசியிலும் தூசி படியுமே, அதற்கு என்ன செய்தார்கள்? சம்பள நாளன்று கடன்காரன் வருவதற்கு முன்னால் காசை எங்கே வைத்தார்கள்? அத்தைக்கு இதெல்லாம் "சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல" என்று தோன்றும். நீங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

ஆண்களிடம் வேலையைக் கேளுங்கள். உணர்ச்சியைக் கேட்டால் எல்லோரும் பொதுவான பதில்தான் சொல்வார்கள். "பயமா இருந்துச்சா தாத்தா?" என்றால் "அதெல்லாம் பழகிடும்" என்று முடிந்துவிடும். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் எத்தனை பேர் நின்றீர்கள், சாப்பாட்டை எதில் கட்டிக்கொண்டு போனீர்கள், அந்தச் சூட்டில் அது கெட்டுப்போகாதா என்று கேட்டுப் பாருங்கள். நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர், கூரைப் பாறை கெட்டியாக இருக்கிறதா பிளந்திருக்கிறதா என்று கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கு மேஜையில் தட்டிக் காட்டினார். கெட்டிப் பாறைக்கு ஒரு தட்டு, பொய்ப் பாறைக்கு ஒரு தட்டு. அதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு, அந்தச் சத்தம் தப்பாகக் கேட்ட ஒரு நாளைப் பற்றி அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். 1965இல், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தை உலகத்திலேயே முதலில் கண்ட இடங்களில் ஒன்று தங்கவயல். டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே செய்த சோதனை. மேலே அத்தனை பாறை இருந்தால்தான் மற்ற துகள்கள் வடிகட்டப்படும், அதனால்தான் அந்த ஆழம் தேவைப்பட்டது. விஞ்ஞானிகளின் பெயர் கட்டுரைகளில் இருக்கிறது. அந்தக் கனமான கருவிகள் கேஜில் இறங்கியபோது கூட இருந்த தொழிலாளர்கள் யார்? அந்த ஆய்வுக்கூடத்தைக் கடந்து வேலைக்குப் போனவர்கள் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள்? எண்பதைத் தாண்டியவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

உங்கள் அப்பா பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். முந்தின தலைமுறைகளுக்கு வராத ஒரு நிலைமை உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு வந்தது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே வேலை அந்த ஊரிலேயே இல்லாமல் போனது. பாறையின் சத்தத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர்கள் பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். பாக்கிப் பணத்துக்கும் வீட்டு உரிமைக்கும் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். பெரியப்பாவின் கதைக்கு ஒரு முடிவு இருக்கிறது, அவர் பென்ஷன் வாங்கி வெளியே வந்திருப்பார். அப்பாவுக்கு அது அறுந்த இடத்திலேயே நிற்கிறது. "கேட்டு என்ன பண்ணப்போற?" என்பது உண்மையான கேள்வி. பதில் சொல்லுங்கள். யாரிடம் போய்ச் சேரும், எங்கே வைப்பாய், உன் பெயர் வருமா அவர் பெயர் வருமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகும் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மகளாக இருப்பதை, பதிவு செய்பவராக இருப்பதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

இது வரலாறு ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகும். நூற்றியிருபது வருஷத்தில் அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு டன் தங்கம் எடுத்தார்கள். கம்பெனி அதற்கு அவுன்ஸ் கணக்கு வைத்திருந்தது. எடுத்தவர்களின் கணக்கை எடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சில நடைமுறை விஷயங்கள். பேசியவர் பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் பதிவிலேயே வையுங்கள். பக்கத்து வீட்டைப் பற்றி யாராவது சொன்னால் பக்கத்து வீட்டில் கேட்காமல் வெளியிடக் கூடாது. தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்த உங்கள் ஊர்த் தமிழைத் திருத்தாதீர்கள். முடிந்த பதிவை முதலில் பேசியவருக்கே போட்டுக் காட்டுங்கள். கேட்டுவிட்டு "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பார்கள். பெரும்பாலும் அந்த இன்னொன்றுதான் முக்கியமாக இருக்கும். எல்லாவற்றையும் செல்போனில் மட்டும் வைத்திருக்காமல் இரண்டு இடத்தில் நகல் எடுத்துவையுங்கள். ஒரு நகல் தங்கவயலிலேயே, லைன் ஆட்கள் போய்க் கேட்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

உங்களையும் பதிவு செய்துகொள்ளுங்கள். சங்கு ஊதினால் ஷாஃப்ட்டுக்கு நடந்த ஊர், இப்போது விடிவதற்குள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறது. அந்தப் பெட்டியில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் யாருக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள், திரும்பி வரும்போது எந்த ஸ்டேஷனில் பேச்சு நின்று தூக்கம் தொடங்குகிறது என்று ஒருநாள் எழுதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன். அத்தையிடம் பேசிய பிறகு, பணம் வந்ததா, யார் கையெழுத்து போட்டார்கள் என்பதற்கு அவர் என்ன சொன்னார் என்றும் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்.